ஓங்கலுக்கு வாக்கப்பட்டவ

எங்க சிப்பிக்குடாவுல ஒரு வழக்கம் உண்டு, கேட்டா சிரிப்பீங்க, சிரிச்சிட்டுப் போங்க. கடலுக்குப் போனவன் திரும்பி வராம, அவன் பொணமும் கரை ஒதுங்காமப் போச்சுன்னா, அவனுக்குன்னு ஒரு பொட்டி செஞ்சு, அவன் சட்டையை மடிச்சு உள்ள வச்சு, அவன் எடைக்கு எடை உப்பு மூட்டையையும் தூக்கிப் போட்டு, ஆணி அடிச்சு, தோள் மாத்தித் தோள் மாத்திக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிப் பொதைப்போம், ஏன்னா வெறும்பொட்டியத் தூக்குனா தூக்குறவனுக்கு அழுகை வராது, தோள்பட்டை வலிச்சாத்தான் கண்ணுல தண்ணி வரும். சிலுவைக்கும் அப்படித்தான் செஞ்சோம். "உசுரோட இருந்தப்ப இந்தப் பய இவ்வளவு கனம் இல்லையேடே"ன்னு முன்னால தூக்குனவன் முனகுனான். "இப்பத்தான குடிக்காம இருக்கான், ஒடம்பு தேறியிருக்கும்"னு பின்னால தூக்குனவன் சொன்னான். அழுதுகிட்டே சிரிச்சோம், நல்ல சாவு.

சிலுவை உசுரோட இருந்த காலத்துல அவனுக்கு ஒரு தீப்பெட்டி குடுக்க ஊர்ல ஆள் கெடையாது. குடிச்சா அடிப்பான், குடிக்கலைன்னா குடிக்க முடியலையேன்னு அடிப்பான், அடிக்கிறப்ப முப்பத்திரெண்டு பல்லையும் காட்டிச் சிரிப்பான். அடி வாங்குறது அவன் பொண்டாட்டி தெக்லா. கடக்கரையில கருவாடு காயப்போட்டுப் பொழைக்கிறவ. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சு அவ வர்ற அன்னைக்கு, "என்னா தெக்லா, வெயிலு ஜாஸ்தியோ?"ன்னு கேப்போம். "ஆமா, வெயிலுதான்"பா. நாங்களும் ஆமா ஆமான்னு வானத்தைப் பாத்துக்குவோம். அம்புட்டு மரியாதை தெரிஞ்ச ஊரு எங்க ஊரு.

பொட்டியப் பொதைச்ச அன்னைக்கே தெக்லா தாலியக் கழட்டிக் கடல்ல வீசிட்டா. வீசுனதுல ஒரு வேகம் இருந்துச்சுன்னு சிலுவையோட அக்கா பிலோமி அப்பவே சொன்னா, நாங்க காதுல போட்டுக்கல. ரெண்டு வருசம் போச்சு. பைபர் படகு, எங்க பேச்சுல போட்டு, ஓட்டுற கஸ்பாரு, அவளைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னான். கஸ்பாரு நல்ல பய. நல்ல பயன்னா, யாரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டுற பய. ஊர்த்தலைவர் தொம்மை பர்னாந்து அண்ணாச்சி சரின்னாரு, பங்குச்சாமி சரின்னாரு, கோயில்ல ஓலை வாசிக்க ஆரம்பிச்சாங்க. இன்னாருக்கும் இன்னாளுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கெழமை சாமி கேப்பாரு. ரெண்டு ஞாயிறு கேட்டாச்சு, ஒருத்தர்கூட இருமல. தெக்லா கன்னம் ரெண்டும் செவக்காமலே அழகா இருக்கும்னு அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. மூணாவது ஞாயித்துக்கு முன்னால வந்து எறங்குனாரு பீரங்கி சார்.

அவருக்கு அவங்கப்பா வச்ச பேரு ஸ்ரீவத்சன். மெட்ராஸ்ல இருந்து வந்தவரு. அவரு கேமராவுக்கு முன்னால மாட்டுற கொழாய் எங்க போட்டு இஞ்சின் தண்டைவிட நீளம், அதனால பீரங்கி சாருன்னு ஆயிருச்சு. மூஞ்சி பூரா வெள்ளையா ஒரு களிம்பு பூசிக்கிட்டு, கூத்துக்குப் பாதி வேசம் கட்டி எந்திரிச்சு வந்தவரு மாதிரி இருப்பாரு. கடல்ல இருக்கிற ஜீவன் அத்தனையும் படம் எடுக்கணுமாம். ஓங்கலு, ஆமை, கடல்பசு, பறவை, எதையும் விட மாட்டாராம். ஓங்கலுன்னா டால்பின்னு நீங்க சொல்றீங்களே, அது. "ஓங்கலப் பாக்கணும்னா கஸ்பாரு கூட்டிட்டுப் போவான் சார், அவன் கூப்புட்டா வரும், அவனே பாதி ஓங்கலு"ன்னோம்.

போனாங்க. கரையில இருந்து கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே சார் வாந்தி எடுக்க ஆரம்பிச்சுட்டாரு, காலையில தின்ன இட்லி, முந்தாநாள் தின்ன பரோட்டான்னு வரிசையா எல்லாம் வெளிய வந்துச்சாம், அதத் திங்க மீனு வந்துச்சாம், மீனைத் திங்க ஓங்கலு வந்துச்சாம். ஒரு பெரிய கூட்டம். அதுல ஒண்ணு மட்டும் போட்டுக்கு நேரா வந்து, தண்ணியக் கிழிச்சுக்கிட்டு, ஆளு ஒசரத்துக்கு மேல துள்ளுச்சு. சாரு வாயத் தொடைக்கிறதுக்கு முன்னால பீரங்கியத் தூக்கி அமுக்குனாரு. அமுக்கிட்டுப் பின்னால இருக்கிற குட்டித் திரையைப் பாத்தாரு. பாத்துட்டுக் கஸ்பாருகிட்ட காட்டுனாரு.

"யாருப்பா இந்த ஆளு? தண்ணிக்குள்ள எப்ப குதிச்சாரு?"

திரையில ஓங்கலு இல்ல. ஓங்கலு துள்ளுன அதே எடத்துல, அதே வளைவுல, ஒடம்பெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட, பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு அந்தரத்துல நின்னான் சிலுவை. காணாமப் போன அன்னைக்குக் கட்டியிருந்த அதே கட்டம் போட்ட லுங்கிச் சாரம். கரையில நடந்தா நாலு தரம் அவுந்து விழுற சாரம், அம்புட்டு ஒசரத்துலயும் இடுப்ப விட்டு அசையல.

கஸ்பாரு இஞ்சின நிறுத்திட்டான். "சார், அத அழிச்சிருங்க."

"ஏன்ப்பா? வெளிச்சம் என்னமா விழுந்திருக்கு பாரு!"

"உங்க கால்ல விழுறேன் சார், அழிச்சிருங்க."

"வெளையாடாத. வருசம் பூரா சுத்துனாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது."

கரைக்கு வந்ததும் சாரு நேரா டீக்கடைக்குப் போயி, அங்க இருந்தவங்க எல்லாத்துக்கும் காட்டுனாரு. யாரும் ஆன்னு வாயப் பொளக்கல, சிலுவைய எங்களுக்குத் தெரியாதா. "மெலிஞ்சுட்டானே"ன்னான் ஒருத்தன். "மெலியல, தண்ணில இருக்கிறவன் அப்படித்தான் தெரிவான்"னான் இன்னொருத்தன். "அங்கயும் முடி வெட்டல பாரு"ன்னாரு டீக்கடைக்காரரு. அவன் ஓங்கலா ஆயிட்டானா, ஓங்கலு அவனா ஆயிருச்சா, படத்துல மட்டும் ஏன் தெரியுறான்னு கேள்வி கேக்குறது படிச்சவங்க வேலை, எங்களுக்கு வேற வேலை இருந்துச்சு. பிலோமி ஓடி வந்தா, தம்பி படத்தப் பாத்தா, மாரடிச்சு அழுதா, அழுது முடிச்சு மூக்கச் சிந்துனா, சிந்துன கையோட கேட்டா:

"எந்தம்பி உசுரோட இருக்கான். அவன் பொண்டாட்டிக்கு எவன்டா ஓலை வாசிக்கிறது?"

மூணாவது ஞாயிறு பங்குச்சாமி தடை இருக்கான்னு கேக்குறதுக்குள்ள கோயிலே எந்திரிச்சு இருமுச்சு. சாமி நல்ல மனுசன். "நான் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்"னாரு, அந்த மாசமே மாத்தலாகிப் போயிட்டாரு, அடுத்து வந்த சாமி "எனக்கு ஊரு புதுசு"ன்னு ஒதுங்கிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஊரே கடலுக்குக் கெளம்புச்சு. சிலுவைகிட்ட பேச ஆளுக்கு ஆளு விசயம் இருந்துச்சு. ஏல சிலுவ, எங்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போன சுத்தியல எங்க வச்ச, ஏல சிலுவ, சாள மீனு எந்தப் பக்கம் நிக்கு, ஏல சிலுவ, எம்மவளுக்கு மாப்ள பாத்திருக்கேன், நல்ல எடமான்னு சொல்லுன்னு போட்டுல நின்னு கத்துவோம், ஓங்கலு வரும், துள்ளும், சார் அமுக்குவாரு, படத்துல சிலுவை சிரிப்பான், அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சொல்ல எங்கள்ள ஒருத்தன் எப்பவும் தயாரா இருப்பான். சுத்தியல் மட்டும் கடைசி வரைக்கும் கெடைக்கல.

கடல்ல ஆள விட்ட மத்த குடும்பமும் வந்தாங்க. லாசரு மாமாவோட மவன் போயி பல வருசம் ஆச்சு, அவரு பீரங்கி சாரு கையப் புடிச்சுக்கிட்டு விடல. "எம்மவன் ஆமையாக்கூட வந்திருப்பான் சார், சின்னதுலயே கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு நிப்பான், ஆமைய எடுங்க"ன்னாரு. சாரு ஆமைய எடுத்தாரு. ஆமைதான் இருந்துச்சு. "அப்ப கடல்பசு?" கடல்பசு கடல்பசுவாவே புல்லு மேஞ்சுச்சு. திருக்கை எடுத்தாரு, சொறிமீன் எடுத்தாரு, மீனக் கவ்விக்கிட்டுப் போற கடல்காக்காவ எடுத்தாரு. எல்லாம் அதது அததாவே இருந்துச்சு. கரைக்கு வந்த லாசரு மாமா, கருவாடு பொரட்டிக்கிட்டிருந்த தெக்லா முன்னால நின்னு, மணல்ல காறித் துப்புனாரு.

"ஊர்ல யாருக்கும் கெடைக்காதது உனக்குக் கெடச்சிருக்கு. அதையும் வேணாங்கியே, நீயெல்லாம் பொம்பளையாட்டி?"

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். அதுவரைக்கும் பிலோமிக்கு மட்டும் இருந்த கோவம், ஆளு கெடைக்காத வீட்டுக்கெல்லாம் பரவுச்சு, ஆளே போகாத வீட்டுக்கும் பரவுச்சு. தெக்லா காயப்போட்ட கருவாட்டுல நாய் வாய் வச்சா யாரும் வெரட்டல. ஊர்க்கூட்டம் போட்டு அவளக் கூப்புட்டு நிறுத்துனோம்.

தொம்மை அண்ணாச்சி வெத்தலையக் கொதப்பிக்கிட்டே சொன்னாரு: "இந்தா பாரு தெக்லா, புருசன் உசுரோட இருக்கிறவளுக்கு மறுகல்யாணம் செஞ்சு வச்சா நாளைக்கு ஊருக்குத்தான் பாவம்."

"அண்ணாச்சி, அது ஓங்கலு. அதோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

"அவன் கரையில இருந்தப்ப மட்டும் எப்படி நடத்துன? அப்படியே நடத்து."

எல்லாரும் சிரிச்சோம். நல்ல பதிலா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

"படத்துலதான தெரியுறாரு. நேர்ல பாத்தா மீனுதான அண்ணாச்சி."

"படம் பொய் சொல்லுமாளா? அது மிசினு. அதுக்கென்ன உம்மேல பகையா?"

அவ கூட்டத்துக்குள்ள கஸ்பாரத் தேடுனா. கஸ்பாரு வலை காயப்போடுற கம்புக்குப் பின்னால நின்னு, யாரு பேசுறாங்களோ அவங்களுக்குத் தலைய ஆட்டிக்கிட்டிருந்தான். தெக்லா பேசுனப்பவும் ஆட்டுனான், அதையும் சொல்லிரணும்.

கழுத்துல தாலி இல்லாம புருசன் உள்ளவ இருக்கலாமான்னு அடுத்த கேள்வி வந்துச்சு. கட்ட வேண்டியவனுக்குக் கை இருக்கா, துடுப்பு இருக்கான்னு கொஞ்ச நேரம் பேசுனோம். அப்பறம் பிலோமிதான் வழி சொன்னா. "எந்தக் கல்யாணத்துலயும் மூணாவது முடிச்சு நாத்தனா போடுறதுதான? மொத ரெண்டையும் நானே போட்டுட்டாப் போச்சு." போட்டா. தெக்லாவ நாலு பொம்பளைங்க தோளப் புடிச்சு அமுக்கி ஒக்கார வச்சு, சிலுவை துள்ளுற படத்த முன்னால வச்சு, படத்துக்கு மாலை போட்டா செத்தவன் ஆயிருவான்னு மாலைய அவ கழுத்துல மட்டும் போட்டு, பிலோமி மூணு முடிச்சும் போட்டா. மூணாவது முடிச்ச இறுக்குறப்ப தெக்லா, "மைனி, வலிக்கி"ன்னா. "வலிக்கட்டும், கழண்டுறக் கூடாதுல்ல"ன்னா பிலோமி. அன்னைக்கு ஊருக்கே பிரியாணி.

படம் வெளியூருக்கெல்லாம் பரவிருச்சு. சிலுவையப் பாக்க காருல ஆளுக வர ஆரம்பிச்சாங்க. கஸ்பாரு போட்டுக்குக் குடை தைச்சு மாட்டுனோம், பஸ் ஸ்டாண்டுல சிலுவை துள்ளுற படம் போட்டு 'கடலாளும் எங்கள் அண்ணன்'னு பிளக்ஸ் வச்சோம். தீப்பெட்டி குடுக்காத நாங்கதான் வச்சோம், கீழ எங்க போட்டோவும் உண்டு. ஆனா ஒரு சிக்கல். முன்ன மாதிரி சும்மா போனா ஓங்கலு இப்ப வரல. தெக்லா போட்டு மூக்குல, முன்னணியில, ஒக்காந்திருந்தா மட்டும்தான் வந்துச்சு. அதனால அவளுக்கு வேலை மாறிப்போச்சு. விடிஞ்சதும் பட்டுச் சேலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு, போட்டு முன்னணியில ஏத்தி ஒக்கார வச்சிருவோம். எறங்குறதுக்குள்ள உச்சி வெயில் மண்டையப் பொளந்திரும். "கூப்புடு"ன்னு பின்னால இருந்து கஸ்பாரு சொல்லணும், அவ, "ஏங்க, வாங்க"ன்னு கடலப் பாத்துக் கூப்புடணும்.

வரும். வந்து போட்ட ஒரு சுத்து சுத்தும். சுத்திட்டு, தெக்லா ஒக்காந்திருக்கிற பக்கமா ஒரு துள்ளு துள்ளி, வாலத் திருப்பிப் பளார்னு ஒரு வீச்சு வீசும். தண்ணியும் வாலும் சேந்து அவ கன்னத்துல வந்து விழும். வந்தவங்க கைதட்டுவாங்க. பீரங்கி சாரு அத ஒரு நாள் அமுக்குனாரு பாருங்க, அதுதான் படம்! அதுல சிலுவை தண்ணியில இருந்து பாதி ஒடம்பு எழும்பி, பல்லு பூராத் தெரியச் சிரிச்சுக்கிட்டு, வலது கைய ஓங்கி அவ கன்னத்துல எறக்குறான், வெரலு அஞ்சும் எண்ணிக்கலாம், அவ கண்ண இறுக்கி மூடியிருக்கா, பூவு பறக்குது. பழைய பிளக்ஸ எடுத்துட்டு இத வச்சோம். எழுத்து என்ன போடுறதுன்னு யோசிச்சு, 'பிரியாத பாசம்'னு போட்டோம்.

கன்னத்துல செவப்பு ஏறி அவ கரைக்கு எறங்குறப்ப, "என்னா தெக்லா, வெயிலு ஜாஸ்தியோ?"ன்னு கேட்டோம். அவ பதில் சொல்றத விட்டுட்டா. திமிரு.

கஸ்பாருகிட்ட மட்டும் பேசுவா. போட்டுல ஆள் ஏறுறதுக்கு முன்னால, அவன் இஞ்சினுக்கு எண்ணெய் ஊத்துறப்ப, "காலையில மொத பஸ்ஸுல ஏறிருவோம் கஸ்பாரு, எங்கயாச்சும் போயிருவோம், எனக்குக் கருவாடு தெரியும், ஒனக்குக் கையி காலு இருக்கு"ம்பா. "போவோம் தெக்லா, சீசன் முடியட்டும்"பான். "தெனம் அடி வாங்குறனே, நீ பின்னால ஒக்காந்து பாக்கத்தான செய்ற?" "நான் போட்ட கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துறேன்"பான். அதுவும் பொய் இல்ல, ஒரு மொழம் தள்ளித்தான் நிறுத்துவான்.

கடைசியா அவளே தொம்மை அண்ணாச்சி வீட்டு வாசல்ல போயி நின்னா. "அண்ணாச்சி, மேக்க இருந்து கச்சான் காத்து பொறந்தா ஓங்கலுக் கூட்டம் எடத்த மாத்திரும். வருசா வருசம் போறதுதான். அதோட இவரும் போயிட்டாருன்னா, என்ன விட்டுருவீங்களா?"

அண்ணாச்சி யோசிச்சாரு. வாசல்ல வந்து கேக்குறவளுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாரு, பெரிய மனுசன். "அவனா விட்டுட்டுப் போனாம்னா, பொண்டாட்டிய ஒதுக்கிட்டுப் போனவன்னு வச்சுக்குவோம். பிலோமி கையாலயே தாலிய எறக்கிரலாம். நீ கஸ்பாரோட போ. கூட்டத்துல வச்சே சொல்றேன்." சொன்னாரு. நாங்களும் சரின்னோம், கச்சானுக்குத்தான் இன்னும் நாள் கெடக்கேன்னு.

அன்னையில இருந்து தெக்லா காத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. போட்டு முன்னணியில ஒக்காந்து கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாப்பா. கருவாட்டு வாடை எந்தப் பக்கம் போகுதுன்னு மோந்து பாப்பா. ஓங்கலு அடிச்சா, அடிய வாங்கிக்கிட்டு, ஒதட்டுக்குள்ள என்னமோ எண்ணுவா. ஒரு நா மேக்க இருந்து மணல் வாரி மூஞ்சியில அடிச்சுச்சு. கச்சான். தெக்லா அன்னைக்குத்தான் சிரிச்சா. பல்லுத் தெரியாத சிரிப்பு, அவ சிரிப்பு அப்படித்தான்.

அவ சிரிச்சது எங்களுக்குப் பயமாப் போச்சு. ஓங்கலு போயிட்டா காரு வராது, காரு வரலைன்னா பிளக்ஸுக்குக் கீழ இருக்கிற எங்க மூஞ்சிய எவன் பாப்பான்? லாசரு மாமா, "ஒருத்தன்தான் திரும்பி வந்தான், அவனையும் விட்டுருவீங்களாடே?"ன்னு மூக்க உறிஞ்சுனாரு. பிலோமி, "எந்தம்பிய ரெண்டாந் தரம் பறிகொடுக்க மாட்டேன்"னு தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா. யாரு மொதல்ல வலைன்னு சொன்னதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, சொன்னதும் எல்லாருக்கும் அது நம்ம சொன்னதுதான்னு தோணுச்சு. சாயங்காலம், வெளிச்சம் இருக்கிறப்பவே, ஊர்ல இருக்கிற வலையெல்லாம் ஒண்ணா முடிஞ்சு, ஒம்பது போட்டுல போயி, ஓங்கலுக் கூட்டத்தச் சுத்தி வளைச்சுக் கட்டிட்டு வந்தோம். மிதவை முடிஞ்சது பிலோமி. மொதல் போட்ட ஓட்டுனது கஸ்பாரு. தெக்லா கரையில நின்னு, "கஸ்பாரு! போகாத, போகட்டும் விடு, அது போகட்டும்!"னு கத்துனா. இஞ்சின் சத்தத்துல கேக்கலைன்னு அவன் அப்பறம் சொன்னான். இஞ்சின் அப்ப அணைஞ்சுதான் இருந்துச்சு, தள்ளிக்கிட்டுத்தான் எறக்குனோம்.

இதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. ஓங்கலு மீனு இல்ல, மேல வந்து மூச்சு விடணும், அது பொறந்த புள்ளைக்கும் தெரியும் எங்க ஊர்ல. ஆனா சிலுவைய நாங்க ஓங்கலுன்னு நெனைக்கிறத விட்டு ரொம்ப நாளாச்சு, அதனால ஞாபகம் வரல. மத்த ஓங்கலெல்லாம் வலையத் தாண்டித் துள்ளிக் கச்சானோட போயிருச்சு. ஒண்ணு மட்டும், வழக்கமா தெக்லா ஒக்காந்திருக்கிற பக்கமா பாஞ்சிருக்கும் போல, வலையில வாலு மாட்டி, மூக்கு மாட்டி, அடியில போயிருச்சு. விடிஞ்சு இழுத்தப்ப கனமா வந்துச்சு. இழுத்து மணல்ல போட்டோம். மினுமினுன்னு கெடந்துச்சு, ஒரு கண்ணு தொறந்து, வாயி அப்பவும் சிரிச்ச வாக்குல. அந்தச் சாதிக்கு வாயே அப்படித்தான்.

பீரங்கி சாரு வந்தாரு. பழக்கதோசம், அமுக்குனாரு. திரையச் சுத்தி எல்லாரும் நின்னு பாத்தோம். சிலுவை மணல்ல மல்லாந்து கெடந்தான். மூஞ்சி பூரா வலைக்கண்ணு பதிஞ்சு கட்டம் கட்டமா இருந்துச்சு. சாரம் அவுந்து கெடந்துச்சு. சிரிக்கல.

தெக்லா கூட்டத்த வெலக்கிட்டு உள்ள வந்து, படத்தப் பாத்தா, மணல்ல கெடக்கிறதப் பாத்தா. மொழங்கால் போட்டு ஒக்காந்தா. அப்பறம் எந்திரிச்சு, தலையில இருந்த பூவப் பிச்சு எறிஞ்சுட்டு, பிலோமி முன்னால வந்து கழுத்தக் காட்டுனா.

"செத்துட்டாரு மைனி. அவுத்து விடுங்க."

பிலோமி கைய நீட்டுனா. நெசமாத்தான் நீட்டுனா, முடிச்சத் தொட்டுட்டா. அப்ப தொம்மை அண்ணாச்சி தொண்டையச் செருமுனாரு.

"இரு பிலோமி. செத்துட்டான்னா, எப்படிச் செத்தாம்னு ஒரு கேள்வி வரும்ல?"

வலைக்கயித்துத் தடம் எங்க எல்லார் உள்ளங்கையிலயும் இருந்துச்சு. பிலோமி தன் கையப் பாத்தா. மிதவை முடிஞ்ச கை. பாம்பத் தொட்ட மாதிரி தாலியில இருந்து எடுத்துக்கிட்டா. "இது எந்தம்பி இல்ல"ன்னா. "எந்தம்பி எப்பவும் சிரிப்பான். இது ஏதோ ஓங்கலு."

"ஓங்கலுன்னா இன்னும் மோசம்"னாரு பீரங்கி சாரு, களிம்புக்கு மேலயே வெளுத்துப் போயி. "ஓங்கலக் கொன்னா பாரஸ்ட்காரங்க வருவாங்க. ஜாமீனே கெடையாது. நான் இங்க படம் எடுக்க அனுமதியே வாங்கல." சொல்லிக்கிட்டே பெருவெரலால ஒரு அமுக்கு. திரை கறுப்பாச்சு. மத்தியானம் பஸ்ஸுக்கு அவரு இல்ல, அதுக்கு முன்னாலயே ஏதோ லாரியில ஏறிட்டாரு.

மனுசன்னா கொலை, ஓங்கலுன்னா ஜெயிலு. அண்ணாச்சி வெத்தலையத் துப்பிட்டு எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்தாரு. அப்பறம் கடலப் பாத்தாரு. நாங்களும் கடலப் பாத்தோம். கடலு ரொம்ப அழகா இருந்துச்சு அன்னைக்கு. லாசரு மாமாகூட, "நீவாட்டப் பாருங்க, தண்ணி தெளிவா ஓடுது"ன்னாரு. "ஆமா, நல்ல மீன்பாடு கெடைக்கும்"னான் ஒருத்தன்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க"ன்னா தெக்லா.

"என்னத்தளா பாக்கச் சொல்ற?"

"இதோ. உங்க காலுக்குக் கீழ."

"மணலு."

"அவரு போனா விடுறேன்னு கூட்டத்துல சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அவன் போனத யாரு பாத்தா? கடலுக்குள்ளதான எங்கயோ இருக்கான். வருவான்."

அவ எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து நின்னு மூஞ்சியப் பாத்தா. ஒருத்தி சேலையில ஒட்டுன மணலத் தட்டுனா, ஒருத்தன் பீடி தேடுனான். கடைசியா கஸ்பாருகிட்ட போனா. அவன் கையப் புடிச்சா, ஊரு பாக்கப் புடிச்சா, புடிச்சு இழுத்துட்டு வந்து ஓங்கலு பக்கத்துல நிறுத்துனா. அதோட வாலு அவன் கால்வெரல்ல முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

"கஸ்பாரு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் வெளிய வந்துருவேன். இது யாரு?"

கஸ்பாரு குனிஞ்சு பாத்தான். நல்லாப் பாத்தான். நிமுந்தான்.

"எது?"ன்னான்.

தெக்லா அழல. கைய விட்டுட்டா, அவ்வளவுதான்.

மறுநாளும் காரு வந்துச்சு, அவங்களுக்கென்ன தெரியும். அவளுக்குப் பட்டுச் சேலை கட்டுனோம், கைய காலத் தூக்கி விட்டுக் கட்டுனோம், பொம்ம மாதிரி நின்னா. பூ வச்சோம். போட்டு கெளம்புச்சு. ஓங்கல எங்கள்ள ஒருத்தரும் பொதைக்கல, ஒண்ணுமில்லாதத எப்படிப் பொதைக்கிறது, மணல்ல அந்த எடத்தச் சுத்தி நடக்கப் பழகிக்கிட்டோம். வெயில் ஏற ஏற அது உப்புச்சு. காக்கா வந்துச்சு, கண்ணக் கொத்துச்சு, காக்கா எதையோ கொத்துதுன்னு யாரும் கேக்கல. கடல்ல தூரத்துல கஸ்பாரு இஞ்சின அணைக்கிறது கேட்டுச்சு. "கூப்புடு தெக்லா"ன்னான். மறுபடியும், "சத்தமா, வந்தவங்க காத்திருக்காங்கல்ல"ன்னான். அப்பறம் அவ கூப்புட்டா, "ஏங்க, வாங்க, ஏங்க, வாங்க"ன்னு. கச்சான் அடிக்கிறப்பவும் அவ கொரலு கரை வரைக்கும் வந்துச்சு. நாங்க எல்லாரும் கடலப் பாத்த வாக்குல வரிசையா நின்னு, மூக்கப் பொத்திக்கிட்டு, கேட்டுக்கிட்டிருந்தோம்.